முதல் இல்லாத முதலாளி!

முதலாளி! கேட்பதற்கு இனிக்கும் சொல். முதல் உடையவன், ஆட்களை ஆள்பவன், மெத்தையிலே புரள்பவன், மோட்டாரிலே பறப்பவன், இரும்புப் பெட்டியின் சாவியை இடுப்பிலே செருகிக்கொண்டு இலாபத்தை எண்ணுபவன். சொல்லைக் கேட்டதும் இந்த உருவம்தானே மனக்கண் முன்னே எழுகிறது? எழுவதிலே வியப்பில்லை. அத்தகையோர் இருந்தனர், இருக்கின்றனர். அவர்களைப் பற்றி இந்த ஏடு எழுதாத நாளில்லை.

ஆனால், மாதம் பிறந்து ஏழாம் நாள் மாலையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்வீதிகளிலே ஒருமுறை நடந்து பாருங்கள், தோழர்களே! தகரக் கூரையின் கீழே ஒரு பட்டறை. இரண்டு பழைய லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மூலையிலே தவணை முடியாத சி.என்.சி. இயந்திரம் ஒன்று. அங்கேயும் ஒருவரை முதலாளி என்றுதான் அழைக்கிறார்கள். கையிலே கிரீஸ், சட்டையிலே கூலன்ட் வாடை, கண்ணிலே நான்கு நாள் தூக்கம் பாக்கி, சட்டைப் பையிலே அடகுக்கடைச் சீட்டு! ஆறு பேர் சம்பளத்திற்காக நிற்கிறார்கள். பெரிய கம்பெனிகளிடமிருந்து வரவேண்டியது பல இலட்சம். வந்தது, "அடுத்த வாரம் பாருங்கள்" என்ற பதில். காலையிலே வீட்டம்மாவின் கழுத்திலே இருந்த சங்கிலி, மாலையிலே அந்த ஆறு பேரின் கையிலே சம்பளமாக விழுகிறது. முதலும் இல்லை, எதையும் ஆளும் வலிவும் இல்லை. பெயர் மட்டும் முதலாளி! என்னே விந்தை!

பாட்டாளிக்காகப் பேசும் ஏடு, பட்டறைக்காரனுக்காகக் கண்ணீர் வடிப்பதேன் என்று கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். கண்ணீர் வடிக்க நாம் வரவில்லை. கணக்குக் காட்டத்தான் வந்தோம். யார் இந்தப் பட்டறைக்காரன்? ஜமீன் வீட்டுப் பிள்ளையா? பாங்கி அதிபரின் மருமகனா? அல்ல, அல்ல! பத்தாண்டு, பன்னிரண்டு ஆண்டு நம்மோடு நின்று லேத் ஓட்டிய டர்னர், ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர், ஷிப்டு மணி அடித்ததும் நம்மோடு ஒரே பஸ்ஸிலே தொங்கியவன். "எத்தனை நாளைக்கு இன்னொருவன் இயந்திரத்தை ஓட்டுவது, நமக்கென்று ஒன்று வேண்டாமா?" என்று ஒருநாள் எண்ணினான். பி.எஃப். பணத்தை எடுத்தான், மாமனாரிடம் கடன் வாங்கினான், ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தான். உழைப்பவன் உடைமையாளன் ஆகவேண்டும் என்பதுதானே நம் விருப்பம்? அந்த விருப்பத்தை மாநாட்டுத் தீர்மானத்திலே தேடாமல், இரண்டு குதிரைத்திறன் மோட்டாரிலே தேடியவன் அவன்.

2016ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், டில்லியிலே "ஸ்டார்ட்-அப் இந்தியா" என்று திட்டமொன்றைத் தொடங்கினார்கள். அன்று முதல் எங்கு திரும்பினாலும் அந்தச் சொல்தான். மடிக்கணினியோடு புறப்படும் இளைஞனை நாம் எள்ளி நகையாடவில்லை. அவனுக்கும் அல்லல் உண்டு, அலைச்சல் உண்டு, முதலீட்டாளன் வாசலிலே காவல் உண்டு. ஆயினும், புதுத்தொழில் தொடங்குவோன் என்றால் கண்ணாடி மாளிகையிலே அமர்ந்து ஆங்கிலத்திலே திட்டம் தீட்டுபவன் மட்டுந்தானா? பேட்டையிலே பழைய ஆலைகள் நின்ற இடங்கள் சிலவற்றில் இன்று அத்தகைய மாளிகைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் நிழல் விழும் தூரத்திலே, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் இரும்பைச் செதுக்கிக்கொண்டிருக்கிறானே, அவனுக்கு விழா இல்லை, விருது இல்லை, மேடை இல்லை!

இந்த மேற்குப் பகுதி எப்படி வளர்ந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரிலே ஆலை அமைத்தது. பாடியிலே மோட்டார் உறுப்பு ஆலைகள் எழுந்தன. 1955 ஜனவரியிலே ஆவடியிலே காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று முழங்கிவிட்டுக் கலைந்தது. பாணி எங்கே போயிற்றோ, பந்தல்காரர்தான் அறிவார்! ஆனால் அதே ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து உருண்டு வெளிவந்தது. கிண்டியில் 1958இலும் அம்பத்தூரில் 1964இலும் தொழிற்பேட்டைகள் பிறந்தன. பின்னர் திருமுல்லைவாயில், காக்களூர், பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசை என்று சிட்கோ பேட்டைகள் பரவின. பெரிய ஆலைக்கு வேண்டிய புஷ், பின், பிராக்கெட், வாஷர் எல்லாம் சின்னப் பட்டறையிலே பிறக்கின்றன. கார் பெரிய கம்பெனியின் பெயரிலே ஓடுகிறது. அதன் உள்ளுறுப்பிலே நம் ஆள் பெயர் எழுதாத கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இனிக் கணக்குக்கு வருவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 5 இலட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்பும் பட்டறை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரும்பு 2½ இலட்சம், கூலி, வாடகை, மின்சாரம், தவணை, ஆயுதச் செலவு 2 இலட்சம், மிச்சம் 50,000. "அடேயப்பா, மாதம் ஐம்பதாயிரமா!" என்று வாய்பிளக்க வேண்டாம். பணம் எப்போது வருகிறது? 30 நாளில் என்று ஆர்டரிலே அச்சடித்திருப்பார்கள். வருவது 120 நாளில். அதாவது, நான்கு மாதச் சரக்கு, 20 இலட்சம் ரூபாய், எந்நேரமும் கம்பெனியின் கையிலே நிற்கிறது. அதிலே இலாபம் 2 இலட்சத்தைக் கழித்தால், 18 இலட்சம் நம் பட்டறைக்காரன் தன் கையைவிட்டுப் போட்ட பணம். அவன் கையிலே ஏது 18 இலட்சம்? பாங்கி வீட்டுப் பத்திரம் கேட்கிறது; வீடோ வாடகை வீடு. ஈடு இல்லாமல் கடன் கிடைக்க 2000ஆம் ஆண்டிலேயே உத்தரவாத நிதி ஏற்படுத்தினார்கள் என்பது உண்மை. கடன் தருவதா இல்லையா என்ற முடிவு மட்டும் மேலாளர் மேசையிலே இருக்கிறது. ஆகவே அவன் இரண்டு வட்டிக்குத் தனியாரிடம் போகிறான். 18 இலட்சத்துக்கு நூற்றுக்கு 2 வீதம் மாதம் 36,000. மிச்சமான 50,000இல் 36,000 வட்டிக்குப் போயிற்று. மீதி 14,000! அவனிடம் வேலை செய்யும் ஹெல்பருக்குக் கூட அதைவிடக் கூடுதலாகச் சம்பளம் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இது ஒரு பக்கம். சரக்கை அனுப்பி, பில் போட்டானா? போட்ட மறுமாதம் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்டவேண்டும். 18 விழுக்காடு என்றால் 5 இலட்சத்துக்கு 90,000. இரும்பு வாங்கியபோது கட்டிய 45,000ஐக் கழித்துக்கொண்டாலும், இன்னொரு 45,000 ரொக்கமாக எண்ணி வைக்கவேண்டும். வராத பணத்துக்கு வரி! பணம் தராத கம்பெனியோ, அந்த 90,000ஐயும் தன் வரியிலே வரவு வைத்துக்கொள்கிறது. கட்டியவன் காத்திருக்கிறான், கட்டாதவன் கழித்துக்கொள்கிறான். மனுநீதி என்றால் நமக்குக் கசப்பு. இந்த வணிக நீதிக்கு என்ன பெயர் சூட்டலாம்?

இன்னும் கேளுங்கள். இப்படி நூறு பட்டறைகளிடம் வாங்கும் கம்பெனி ஒன்று இருக்குமானால், தலைக்கு 20 இலட்சம் வீதம் 20 கோடி ரூபாய் அதன் கையிலே வட்டியின்றிப் புரள்கிறது. பெரிய பாங்கி கூட அத்தகைய கடன் தராது! நாட்டிலே ஏழை பணக்காரனுக்குக் கடன் கொடுக்கும் கூத்தை வேறெங்கும் காண வேண்டாம், பட்டரவாக்கம் இரயில் நிலையத்தில் இறங்கினால் போதும்.

இத்தோடு போயிற்றா என்றால், இல்லை. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவிலே நோட்டுச் செல்லாதென்றார்கள். சம்பளம் கொடுக்க நோட்டில்லை. 2017 ஜூலையிலே ஜி.எஸ்.டி. வந்தது, கணக்கெழுத ஆளில்லை. 2019இலே மோட்டார் தொழில் படுத்தது. பாடியிலே பெரிய ஆலைகளே வேலையில்லா நாட்கள் அறிவித்தபோது சின்னப் பட்டறை என்ன ஆகும்? 2020 மார்ச்சிலே ஊரடங்கு. 2022 செப்டம்பரில் தமிழகத்து மின்கட்டணம் உயர்ந்தது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணத்தை எதிர்த்து, 2023 செப்டம்பர் 25 அன்று தமிழகமெங்கும் சிறுதொழிலோர் ஒருநாள் கதவடைத்தனர். அதே ஆண்டு டிசம்பரிலே மிக்ஜாம் புயல். 2015 வெள்ளத்தை மறக்காத அம்பத்தூரிலே மீண்டும் ஷெட்டுக்குள்ளே தண்ணீர். முழங்கால் அளவு நீர் மனிதனுக்கு முழங்கால் அளவுதான், சி.என்.சி. இயந்திரத்துக்கு அது கழுத்தளவு. மோட்டாரும் மின்பெட்டியும் நனைந்தால், தவணை பாக்கி இருக்கும்போதே இயந்திரம் பழைய இரும்பு.

புயலை யாரும் கட்டிப்போட முடியாது. வடிகாலைத் தூர் வாரலாம், அது வேறு கதை. ஆனால் 120 நாள் பாக்கி இயற்கையின் சீற்றமா? மனிதன் செய்வது, மனிதன் நிறுத்தக்கூடியது. சட்டமே இருக்கிறது தோழர்களே, சட்டமே இருக்கிறது! 2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, காந்தியார் பிறந்தநாளாம் அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். ஒப்பந்தத்திலே என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கியின் பாங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் வட்டிக்கு வட்டி. வழக்கைக் கேட்க ஒரு மன்றம். 90 நாளிலே அது முடிவு சொல்லவேண்டும். முடிவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக விரும்பும் கம்பெனி, தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். இதைவிட நல்ல சட்டம் எழுத வேண்டுமா? ஏட்டிலே சிங்கம்தான்.

நாட்டிலே ஏன் அது பூனையாகிறது? ஏனெனில், புகார் மனுவை எழுதவேண்டியவன் பட்டறைக்காரன். எழுதிய மை காயுமுன் அவன் ஆர்டர் நின்றுவிடும்! கம்பெனி நீதிமன்றத்திலே வாதாடத் தேவையே இல்லை. "உங்கள் சரக்கிலே தரம் போதவில்லை" என்று ஒருவரி எழுதினால் போதும். இருபது இலட்சம் பாக்கியை வாங்கப்போய், வருங்காலத்தையே இழக்க யார் துணிவான்? ஆகவே, தொடரும் உறவிலே யாரும் புகார் செய்வதில்லை; உறவு முறிந்தபின், ஷெட்டைப் பூட்டியபின், கடைசிக் கைமுதலாகத்தான் மனு போகிறது. பிணத்தின் பெயரால் போடும் வழக்கு அது.

2023இலே வேறொரு வழி கண்டோம் என்றார்கள் டில்லியிலே. உரிய காலத்திலே சிறு பட்டறைக்குப் பணம் தராத கம்பெனி, அந்தச் செலவை வருமான வரிக் கணக்கிலே, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழித்துக்கொள்ளலாம். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நல்ல ஏற்பாடு என்று நாமும் கைதட்டலாம், ஓட்டையைப் பாராதிருந்தால்! ஏப்ரலிலே போட்ட பில்லுக்கு அடுத்த மார்ச் 31இல் பணம் கொடுத்தாலும், அதே நிதியாண்டு அல்லவா? கழிவு போகாது. பதினோரு மாதம் பாக்கி வைத்தவனுக்கு அந்த விதி ஒரு கீறலும் போடாது. பில்லைக் காட்டி உடனே பணம் பெற இணையவழிச் சந்தையும் இருக்கிறது. 250 கோடிக்கு மேல் வியாபாரமுள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றும் 2024 நவம்பரில் ஆணையிட்டார்கள். பதிவுதான் கட்டாயம், பட்டறைக்காரனின் பில்லை அங்கே ஏற்றுக்கொள்வது அவர்கள் விருப்பம்! வாசலைத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே வர அனுமதிச் சீட்டைப் பக்கத்து வீட்டுக்காரன் கையிலே கொடுத்த கதை.

"சிறுதொழில்" என்ற சொல்லே என்ன ஆயிற்று பாருங்கள். 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வியாபாரம் செய்பவரும் சிறுதொழிலர்தாம். நூறு கோடிக்காரரும் இரண்டு லேத்துக்காரனும் ஒரே பந்தியிலே! பந்தியிலே முந்துபவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஜப்பான் நாட்டைப் பாருங்கள். உழைப்பாளியின் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டிலேயே, பெரிய கம்பெனி தன் கீழ்ப் பட்டறைகளுக்குப் பணம் தாமதிப்பதைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். சரக்கு வந்து சேர்ந்த 60 நாளுக்குள் பணம். புகாருக்காக அவர்கள் காத்திருப்பதில்லை, அதுதான் வேறுபாடு! வணிக நேர்மையைக் காக்கும் ஆணையம் ஆண்டுதோறும் பெரிய கம்பெனிகளுக்கும் கேள்வித்தாள் அனுப்புகிறது, பட்டறைகளுக்கும் அனுப்புகிறது. முரண்பாடு கண்டால் தானே விசாரிக்கிறது, தவறு செய்தவர் பெயரை ஊரறிய வெளியிடுகிறது. 2024 மார்ச்சிலே, நிஸ்ஸான் என்ற மாபெரும் மோட்டார் கம்பெனி, 36 பட்டறைகளுக்கு ஒப்புக்கொண்ட தொகையிலே 300 கோடி யென்னுக்கு மேல் பிடித்துக்கொண்டது என்று அந்த ஆணையம் அறிவித்தது. பிடித்த பணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தது. அங்கே சிறியவன் வாய் திறக்கவேண்டியதில்லை. அதிகாரி வீட்டு வாசலுக்கு வருகிறார். இங்கே சிறியவன் வாயைத் திறந்தால், வேலைக்கே பூட்டு!

பணபலம் எப்படிக் கொல்லும் என்று தமிழன் ஜப்பானிடம் கற்கத் தேவையில்லை. தூத்துக்குடி கற்றுக்கொடுத்தது. 1906இலே வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். முதல் 10 இலட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடிற்று. வெள்ளையன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, சிதம்பரனாரும் குறைத்தார். கடைசியிலே, கட்டணமே வேண்டாம், ஏறிக்கொள், கையிலே ஒரு குடையும் வைத்துக்கொள் என்றது வெள்ளையன் கம்பெனி! இலவசக் குடைக்குப் பின்னே இருந்தது தாராளமா? இல்லை. "நான் ஐந்தாண்டு நட்டப்படுவேன், நீ ஐந்து மாதம் தாங்கமாட்டாய்" என்ற கணக்கு. இன்று 120 நாள் பாக்கியிலே இருப்பதும் அதே கணக்குத்தான். குடை மட்டும் இல்லை.

அதே சிதம்பரனார், கப்பல் கம்பெனி தத்தளித்துக்கொண்டிருந்த 1908ஆம் ஆண்டிலே, கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலே முன்னின்றார். கம்பெனி நடத்துபவர் கூலிக்காரன் பக்கம் நின்றார்! அவ்வாண்டு மார்ச்சிலே சிறை. 1911இலே கம்பெனி கலைந்தது. தொழில் தொடங்குபவனும் தொழிலாளியும் ஒரே பக்கம் நிற்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டாம்.

இதை நாம் சொல்வது, பட்டறைக்காரனுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க அல்ல. அவனிடமும் கணக்குக் கேட்கவேண்டியது உண்டு. பத்துப் பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். என்பது சட்டம். பத்தாவது ஆளைப் பதிவேட்டிலே காட்டாத பட்டறைகள் எத்தனை! விரல் போன தொழிலாளியைத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், "வீட்டிலே அடிபட்டது என்று சொல்" என்று காதோடு சொல்லும் பட்டறைகள் உண்டு என்பதை அறியாதவரா நாம்? பிரஸ் மிஷினிலே காவல் தடுப்பை எடுத்துவிட்டு வேகம் கூட்டுவதை மன்னிக்கவே முடியாது. பெரியவன் உன் கழுத்தைப் பிடித்தான் என்பது, நீ இவன் விரலை வாங்கிக்கொள்ள உரிமைச் சீட்டு அல்ல. ஆனால் நேர்மையாக நடக்க விரும்பும் பட்டறைக்காரனும் ஏழாம் தேதி சம்பளத்தைப் பதினேழாம் தேதி தருகிறானே, அந்தப் பத்து நாள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவு மேசையிலே போய் நிற்கிறது. பாக்கியின் கடைசிப் படிக்கட்டிலே நிற்பவன் ஹெல்பர். அவனுக்குக் கீழே தள்ள இன்னொரு ஆள் இல்லை.

ஆகவே நாம் கேட்பது கடனும் அல்ல, கருணையும் அல்ல. அவன் சம்பாதித்த பணம் அவனுக்கு. புகார் எழுதும் உரிமையைப் பட்டறையின் பெயரைச் சொல்லாமலே உற்பத்தியாளர் சங்கம் பயன்படுத்த வழி வேண்டும். மன்றம் தானாகவே விசாரிக்கும் அதிகாரமும் வேண்டும். அதைவிட எளிய வழி ஒன்று, டில்லியின் கையிலேயே இருக்கிறது. பில் போட்டு 180 நாளாகியும் பணம் தராத கம்பெனி, வரவு வைத்துக்கொண்ட ஜி.எஸ்.டி.யைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. சட்டம் சொல்லும் கெடு 45 நாள். வரி விதி சொல்லும் கெடு 180 நாள்! ஒரே அரசாங்கம், இரண்டு நாட்காட்டி! சிறு பட்டறைகளைப் பொறுத்தவரை அந்த 180ஐ 45 ஆக்கினால், ஒரு மனு எழுதவேண்டாம், ஒரு படி ஏறவேண்டாம். வரவு போய்விடுமே என்ற பயத்திலே கம்பெனியின் கணக்குப் பிரிவு 44ஆம் நாள் தானாகவே செக் எழுதும். பில் எந்தத் தேதியிலே போடப்பட்டது, எந்தக் கம்பெனி வரவு வைத்தது என்பதெல்லாம் வரித்துறையின் கணிப்பொறியிலே ஏற்கெனவே இருக்கிறது. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் இதிலே முதல் வரிசையிலே நிற்கவேண்டும். தானே பாக்கி வைப்பவர் தனியாரை எப்படிக் கண்டிப்பது?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. வரும் ஞாயிறு தொடங்கி, உங்கள் வட்டத்திலுள்ள ஷெட்டுகளுக்கு இருவர் இருவராகச் செல்லுங்கள். பட்டறையின் பெயர் வேண்டாம், கம்பெனியின் பெயரும் வேண்டாம். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை ரூபாய் பாக்கி, எத்தனை நாளாக, சென்ற மாதச் சம்பளம் எந்தத் தேதியிலே கொடுத்தார்கள் என்று நான்கே நான்கு கேள்வி. முதலாளியிடம் கேட்டதைத் தொழிலாளியிடமும் தனியே கேட்டுச் சரிபாருங்கள். மாத முடிவுக்குள் காரியாலயத்துக்கு வந்து சேரட்டும். வட்டம் வட்டமாக இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.